பூனைக்குப் பூண்டு ஆகாது

பூனைக்குப் பூண்டு ஆகாது, வெங்காயமும் ஆகாது. போதிய அளவு உள்ளே போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். நாய்க்கும் இதே கதைதான், பூனையைவிடக் கொஞ்சம் தாங்கும். இதை ஏன் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன் என்றால், ‘எல்லாப் பிராணிகளின் புண்ணுக்கும் ஒரே மூலிகை எண்ணெய்’ என்று கைப்பேசிகளில் சுற்றும் செய்முறையில் பூண்டு 10 பல் இருக்கிறது.

அந்தச் செய்முறை பொய்யில்லை, நல்ல மருந்துதான். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, 500 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைக்க வேண்டும். கறவை மாடுகளின் புண்ணுக்காக தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரிந்துரைப்பது இது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பல ஆண்டுகள் இந்த மரபு மருத்துவத்துக்காக உழைத்திருக்கிறார்கள். ஆனால் அது மாட்டுக்கு எழுதிய சீட்டு. முன்னூறு கிலோ மாடும் மூன்று கிலோ பூனையும் ஒன்றல்ல. தடவியதில் பாதியையாவது நக்கிவிடுவது பூனையின் பிறவிக் குணம். ஒரு தடவை நக்கியதால் செத்துவிடாது. ஒரு வாரம், நாளுக்கு மூன்று முறை தடவித் தடவி அத்தனையையும் அது விழுங்கினால், புண் ஆறும் முன் பூனை சோர்ந்து படுத்துவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிளை நிலையத்தில் ஊரார் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். ஆட்டுப் புண்ணையும் நாய்ப் புண்ணையும் நான் பார்த்த அளவுக்கு என் வீட்டுச் சமையற்கட்டைப் பார்த்ததில்லை என்று என் மாமியார் சொல்லுவார். மஞ்சளும் வேம்பும் தேனும் காயத்தை ஆற்றுமா என்று கேட்பவர்களிடம், ஆற்றும் என்றுதான் சொல்லுவேன். எந்தக் காயம், எந்தப் பிராணி, கழுவினீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்பேன். சுற்றி வரும் குறிப்புகள் கத்தரித்துவிடுவது இந்த மூன்று கேள்விகளைத்தான்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் அமெரிக்கக் காப்புரிமைக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. மஷேல்கர் தலைமையில் இருந்த நமது அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்து வழக்காடியது. பழைய வடமொழி நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் சான்றாகக் காட்டியது. 1997இல் காப்புரிமை ரத்தானது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த வழக்கில் தீர்ந்தது ஒரே ஒரு கேள்வி, இது புதிய கண்டுபிடிப்பா என்பது. எல்லாப் புண்ணும் மஞ்சளால் ஆறும் என்று எந்த அதிகாரியும் தீர்ப்பு எழுதவில்லை.

மேலாகத் தோல் உரிந்த சிராய்ப்புக்கு, கழுவித் துடைத்தபின், சுத்தமான எண்ணெயில் குழைத்த மஞ்சள் மெல்லியதாகப் பூசலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆழமான ஓட்டைக்குள் தூளைக் கொட்டினால் கதை வேறு. கசியும் நீரோடு தூள் சேர்ந்து அடைபோல் இறுகும். மேலே மஞ்சள் காய்ந்து அழகாகத் தெரியும், அடியில் சீழ் கட்டும். நாலாம் நாள் அந்த அடையைப் பெயர்த்தால் வரும் நாற்றம் வாழ்நாளுக்கும் மறக்காது. அதோடு, கடையில் சில்லறையாக வாங்கும் தூளில் ஈயக் கலப்பு நிறமியும் சாயமும் கலப்படம் செய்வதுண்டு. மஞ்சள் கிழங்கை வாங்கி உரசியோ அரைத்தோ எடுப்பதே நல்லது.

நாய் கடித்த ஆட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு ஆட்டுக்காரர்களுக்கு இன்று பெரிய நட்டம் அதில்தான். வெளியே பார்த்தால் கோரைப் பல் பதிந்த நாலு ஓட்டைதான் இருக்கும். மயிரை வெட்டிவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே தோல் சதையிலிருந்து கழன்று பை மாதிரி தொளதொளக்கும். பல்லைப் பதித்து உதறும்போது நேரும் சேதம் இது. அந்த நாலு ஓட்டையையும் மூலிகை வைத்து அடைப்பது, திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவது மாதிரி. இதற்குத் திறந்து கழுவவும், சீழ் வடிய வழி விடவும், ஊசி போடவும் மருத்துவர் வேண்டும். கடித்தது வெறி நாயாக இருக்கலாம் என்ற பயமும் இருக்கிறது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அதே நாளில் தடுப்பூசியைப் பற்றிக் கேட்க வேண்டும். மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் வெறிநோய்க் கிருமி சாகாது, ஆட்டுக்குத்தான் உயிர் போகும்.

இனிப் புழு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ பெருகும். சீமைக்கருவேல முள் கிழித்த சின்னக் காயம்கூட அப்போது போதும். ஒருவகை ஈ காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கு மேல் முட்டை வைக்கும், ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். மற்ற ஈக்களின் புழுக்கள் பெரும்பாலும் செத்த சதையோடு நின்றுவிடும், இது உயிர்ச் சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். வால் பக்கத்தை மட்டும் வெளியே வைத்திருக்கும், அது மூச்சு விடுவது அந்தப் பக்கம்தான். கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிற ஆடு, காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கிற ஆடு, இவற்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கே நாட்டு மருந்து உண்மையிலேயே கைகொடுக்கும். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைக் குழியில் விட்டால் புழு மூச்சு முட்டி மேலே வரும். சீத்தா இலையை அரைத்து வைத்தாலும் வரும். வந்ததை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும், உள்ளே செத்துக் கிடந்தால் அதுவே அழுகும். பால்வள வாரியத்தின் குறிப்பில் இந்த இரண்டுக்கும் ‘முதல் நாள் மட்டும்’ என்று ஒரு நிபந்தனை உண்டு. புழு போனபின் கற்பூரத்துக்கு அங்கே வேலை இல்லை, புதிதாக வளரும் இளஞ்சதையை அது எரிக்கும். கைப்பேசிக்கு வந்து சேரும்போது அந்த நிபந்தனை காணாமல் போயிருக்கும். வாரக் கணக்கில் கற்பூர எண்ணெய் ஊற்றி, ஆறாத புண்ணோடு வந்த ஆடுகள் ஏராளம். கற்பூரம் இல்லையென்று அந்துருண்டையைப் பொடித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்துருண்டை விஷம், நாய்க்கும் பூனைக்கும் கொடிய விஷம். கற்பூரத்தையும் பூனைக்கு வைக்காதீர்கள், நாய் நக்கும் இடத்திலும் வேண்டாம். சீத்தா விதைப் பொடியைக் கண்ணுக்குப் பக்கத்துப் புண்ணில் போடவே கூடாது, கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

ஆலங்குடிப் பக்கம் கிடை போடும் ஓர் அப்பத்தா இருந்தார். புண்ணோடு ஒரு குட்டி வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீர் ஆறும்வரை காத்திருப்பார். நான் மருந்துப் பெட்டியைத் திறந்தால், “மருந்து கெடக்கட்டும் தாயி, மொதல்ல மயிரக் கத்தரி” என்பார். காயத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் மயிரை எடுத்து, கொதித்து ஆறிய நீரை விட்டு விட்டுக் கழுவி, மண்ணும் சருகும் போனபின்தான் எண்ணெயைத் தொடுவார். அவர் செய்ததில் முக்கால் பங்கு மூலிகையே இல்லாத வேலை. அதைத்தான் நாம் மூலிகையின் பெருமையில் மறந்துபோனோம். மூன்றாம் நாள் சதை சிவந்து வரவில்லை என்றால், “இது ஊசிக்கான புண்ணு” என்று அவரே ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

மரபு என்றால் ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வருவது என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சீத்தா மரம் நம் நாட்டது இல்லை. வெட்டுக்காயத்தில் கசக்கிப் பிழிகிறோமே, அந்த வெட்டுக்காயப் பூண்டும் இல்லை. இரண்டும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே பரவியவை. வேலியில் முளைத்த புதுச் செடியை யாரோ ஒரு ஆடு மேய்ப்பவர் கசக்கிப் பார்த்திருக்கிறார், இரத்தம் நின்றதைக் கவனித்திருக்கிறார், அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார். நம் பாட்டன் பாட்டிமார் சோதித்துப் பார்த்தவர்கள். சோதிக்காமல் பகிர்வது நம் தலைமுறையின் பழக்கம்.

தேனுக்கும் மஞ்சளைப் போல நிபந்தனை உண்டு. பழைய எகிப்தியர்களே காயத்துக்குத் தேன் வைத்திருக்கிறார்கள். அதன் சர்க்கரைச் செறிவு புண்ணின் நீரை இழுக்கும், புளிப்பு கிருமியை வளரவிடாது, நீர் பட்டால் மெதுவாகக் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். அழுகிய புண்ணுக்கு, நன்றாகக் கழுவியபின், நல்ல மருந்து. ஆனால் கட்டுப் போடாமல் தேன் வைத்தால் நம் ஊரில் முதலில் வருவது எறும்பு. நாயோ கட்டையே கடித்துக் குதறி நக்கும். கழுத்தில் அட்டைக் கூம்பு மாட்டினால்தான் தேனுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கவில்லையா, பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி மாட்டுங்கள், பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். சோற்றுக்கற்றாழையும் நல்லதுதான், தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளே உள்ள சோற்றை மட்டும் எடுத்தால். அந்தப் பாலை நக்கினால் நாய்க்கு வயிற்றுப்போக்குப் பிடிக்கும்.

சாணமும் சாம்பலும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். காயடித்த கிடாயின் புண்ணிலும் பிறந்த குட்டியின் தொப்புளிலும் சாணத்தை அப்பினால், மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமிக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். ஆட்டுக்கு அது வந்தால் கால்கள் விறைத்து, தாடை கட்டி, பெரும்பாலும் பிழைப்பதில்லை.

மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. “மஞ்சள் வெச்சேன் சார்” என்று ஆட்டுக்காரர் சொன்னவுடன் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை அந்த மனிதர் மஞ்சள் வைத்ததை மறைப்பார், அல்லது வரவே மாட்டார். எதை வைத்தார், எத்தனை நாள் வைத்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் சிகிச்சைக்கே அது உதவும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் வெளிச்சுவரிலும் மூலிகைக் குறிப்பை எழுதிவைக்க அரசு உத்தரவிட வேண்டும். மாட்டுக்கு எது, ஆட்டுக்கு எது, நாய்க்கும் பூனைக்கும் எது கூடாது, எத்தனை நாளுக்குமேல் கூடாது என்று பிராணிவாரியாக எழுத வேண்டும். பெயிண்ட் செலவு அதிகம் ஆகாது.

மருந்தகம் பூட்டியிருக்கும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. வண்டி வரும்வரை, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலை தட்டிப் போட்டுக் கரைத்து, காயத்தின்மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பூனையாக இருந்தால் ஒரு துண்டில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். மனிதருக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.