பள்ளிக்கு அழைத்துப்போன போலீஸ்

2006 அக்டோபரில் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்தது. திருடனைத் தேடி அல்ல, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல.

அந்த வீட்டு ரோமைகே தம்பதியர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர்கள். பள்ளிப் பாடநூல்களில் சில தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்லி, வீட்டிலேயே பாடம் நடத்தினார்கள். ஜெர்மனியில் வீட்டுக் கல்விக்குத் தடை என்பதால் அபராதம் ஆயிரக்கணக்கான யூரோவாக ஏறியது. 2008இல் அமெரிக்காவின் டென்னசிக்குப் போனார்கள். 2010இல் கிடைத்த புகலிடம் மேல்முறையீட்டில் பறிபோனது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. மறுநாளே, வெளியேற்றப் போவதில்லை என்று அரசு இறங்கிவந்தது.

ஜெர்மன் தடையை ஹிட்லர் சட்டம் என்று அமெரிக்க ஆதரவாளர்கள் ஏசுவது வழக்கம். பாதிதான் உண்மை. 1938 சட்டம் பிடியை இறுக்கியது. ஆனால் கட்டாயப் பள்ளி வருகை 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. சமூகத்துக்குள் தனித் தீவுகள் முளைக்கக்கூடாது என்ற அரசின் கவலையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006இல் ஏற்றுக்கொண்டது.

கவலை நியாயம்தான். ஆனால் அதற்குப் போலீஸ் எதற்கு? பக்கத்து ஆஸ்திரியாவில் வீட்டுக் கல்விக்கு அனுமதி உண்டு. பிள்ளை ஆண்டுதோறும் தேர்வு எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஜெர்மனிக்கும் அது போதும்.