எந்த நிபுணர், எந்தக் கேள்விக்கு?

எங்கட ஊரில் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' எண்டு இருந்தால் போதும், அவர் எல்லாத்துக்கும் நிபுணர். டெங்கு, அரசியல் தீர்வு, பிள்ளை ஏ/எல்லுக்கு என்ன பாடம் எடுக்கிறது, எல்லாம் அவரிட்டக் கேட்பம். என்ன துறையில் கலாநிதி எண்டு மட்டும் கேட்கமாட்டம்.

இந்தப் பழக்கத்தின் விலையைச் சுன்னாகத்தில் பார்த்தோம். மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்ற பிரச்சினை 2014, 2015 காலத்தில் வெடித்தது. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். சனம் பவுசர் தண்ணிக்கு வாளியோடு நின்றது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் எண்ணெய் அளவு கூட எண்டு காட்டின. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான நச்சு இல்லை என்றது. அப்ப குடிக்கலாமோ? அந்த ஒரு கேள்விக்குத்தான் தெளிவான பதில் வரவில்லை.

ஏனெண்டால் அது ஒரு துறையின் கேள்வி இல்லை. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்பதைப் புவியியலாளர் சொல்லவேணும். தண்ணியில் என்ன பொருள், எவ்வளவு என்பதை இரசாயனவியலாளர் சொல்லவேணும். அதைக் குடிக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை மருத்துவர் சொல்லவேணும். ஒருவர் தன் துறைக்குள் சொன்ன பதிலை நாங்கள் மற்ற இரண்டுக்கும் பதிலாக எடுத்துவிட்டோம்.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசு நடந்தது என்று கண்டு, தனியார் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அதுவரைக்கும் 'நிபுணர் சொல்லிட்டார்' என்பதை வைத்து இரண்டு பக்கமும் சண்டை பிடித்தோம்.

நிபுணர்களே வேண்டாம் எண்டு சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வாட்ஸ்அப் வைத்தியர்தான் மிஞ்சுவார். ஆனால் அடுத்த அறிக்கை வரேக்க மூன்றைக் கேட்பம்: உங்கட துறை என்ன? மாதிரி எந்தக் கிணற்றில், எப்ப எடுத்தது? எதை நீங்கள் பரிசோதிக்கவில்லை?

கடைசிக் கேள்வி முக்கியம். எங்கட தோட்டக் கிணறுகளில் உரத்தால் ஏறிய நைத்திரேற்று பழைய பிரச்சினை. எண்ணெயைத் தேடுகிற பரிசோதனை அதைக் காட்டாது. 'எண்ணெய் இல்லை' எண்டால் 'நல்ல தண்ணி' எண்டு அர்த்தமில்லை.

'இது என்ர துறை இல்லை' எண்டு மேடையில் சொல்லுற பேராசிரியருக்கு முதலில் கை தட்டுவம். அவர் மற்றதில் சொல்லுறதை நம்பலாம்.