பாட்டியின் அட்டிகையை நனைக்காதிருங்கள்



திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மும்பைக்கும் பெங்களூருக்கும் குடிவந்த நம்முடைய குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு சிறிய பெட்டி உண்டு. அதற்குள்ளே பாட்டியாரின் கெம்புக்கல் அட்டிகையோ, அவர்கள் காதில் தொங்கின பாம்படமோ, ஒரு முத்துச்சரமோ துணியில் முடிந்து கிடக்கும். ஞானஸ்நானத்தின்போது நகைகளைக் கழற்றிவைத்தவர்கள் நம்மில் அநேகர். ஆகிலும் தாயார் விட்டுச்சென்றதை விற்க மனமின்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறோம். அணியாத நகையைக் குறித்துப் போதகர் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அணியாத நகையே கவனிப்பாரின்றிக் கெட்டுப்போகிறது. அதிலும், ஒருநாள் அதை வெளியே எடுத்து, அன்போடு கழுவுகிற அன்றைக்கே அதிகமாய்க் கெட்டுப்போகிறது.

இதை அநுபவத்திலிருந்து எழுதுகிறேன். 2003-ஆம் ஆண்டில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக என் மனைவியின் பாட்டியாருடைய அட்டிகையைக் கேட்டிருந்தார்கள். பல வருஷத்து அழுக்கு படிந்திருந்தது. வெந்நீரில் சோப்புத்தூளும் சோடா உப்பும் கலந்து, இரவு முழுவதும் ஊறவைத்தோம். யோசனை என்னுடையது. காலையில் பார்த்தபோது, மாதுளை முத்துக்களைப்போலச் சிவந்திருந்த கற்கள் இருண்டு மங்கிப்போயிருந்தன. இரண்டு கற்கள் கிண்ணத்தின் அடியில் கிடந்தன. பின்னர் வடசேரியில் ஒரு முதிய பொற்கொல்லரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் அட்டிகையைப் புரட்டிப் பின்புறத்தைக் காட்டி, "ஐயா, இதற்குள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியாதா?" என்று மாத்திரம் கேட்டார்.

உள்ளே இருப்பது இதுதான். பழைய கெம்பு நகைகளில் கல்லின் பின்புறம் பொன்தகட்டால் மூடப்பட்டிருக்கும். கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு ஒன்றை வைத்து, அதன் கீழே அரக்கை நிரப்பியிருப்பார்கள். நாம் காண்கிற சிவப்பு ஒளியில் பாதி, அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிற ஒளி. தண்ணீர் விளிம்பின் வழியாய் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துப்போம். வெந்நீர் பட்டால் அரக்கு இளகி, கல் ஆட்டங்கொடுக்கும். பின்பு மேலே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. கல்லைப் பெயர்த்து, தகட்டை மாற்றி, மறுபடியும் பதிக்கவேண்டும். அந்த வேலை அறிந்தவர்கள் நாளுக்குநாள் குறைந்துவருகிறார்கள். கடைகளில் உள்ள அல்ட்ராசோனிக் இயந்திரத்தின் அதிர்வும் இப்படிப்பட்ட நகைகளுக்கு ஆகாது. "ஐந்து நிமிஷத்தில் புதிதாக்கித் தருகிறோம்" என்று சொன்னால், வேண்டாம் என்று மரியாதையாய்ச் சொல்லிவிடுங்கள்.

ஆகையால் எந்த நகையானாலும் முதலாவது புரட்டிப் பாருங்கள். பின்புறம் மூடியிருந்தால் தண்ணீரே வேண்டாம்; மிருதுவான உலர்ந்த தூரிகையும் பழைய பருத்தித் துணியும் போதும். கல்லும் அரக்கும் இல்லாத வெறும் பொன் சங்கிலியானால், வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டைச் சாறோ சிறிது மென்மையான சோப்போ கலந்து, மெதுவாய்த் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து உலரவிடலாம். குழாயடியில் அல்ல, கிண்ணத்தில் கழுவுங்கள். பற்பசையினால் தேய்க்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது பல்லுக்கு நல்லது. பொன்னோ மிருதுவான உலோகம், அதில் கீறல் விழும்.

முத்தின் காரியம் வேறு. அது ஜீவபிராணிக்குள் உருவானது. புளி, எலுமிச்சை போன்ற அமிலம் அதை அரித்துவிடும். வியர்வையும் வாசனைத் தைலமுங்கூட அதன் மினுக்கைக் குறைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வருஷக்கணக்காய் மூடிவைக்காமல், துணியில் சுற்றி வையுங்கள். தொங்கவிட்டால் நூல் நெகிழும், படுக்கவைப்பதே நலம். முத்தையும் வைரத்தையும் ஒரே முடிச்சில் கட்டாதிருங்கள்; வைரம் தன் பக்கத்தில் உள்ள எதையும் கீறிவிடும். வெள்ளியின்மேல் ரப்பர் வளையம் போடுகிறவர்கள், சில மாதங்களில் அந்த இடத்தில் கறுப்புத் தழும்பைக் காண்பார்கள். ரப்பரிலுள்ள கந்தகமே அதற்குக் காரணம்.

பாம்படம், தண்டட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிப்பு. அவைகளில் அநேகம் பொன்தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்யப்பட்டவை. கையில் கனமாய் இருக்கிறதே என்று மொத்த எடையைப் பவுனாக்கிக் கணக்கிட்டு, கடையில் அரக்கைக் கழித்துச் சொல்லும்போது, ஏமாற்றுகிறார்கள் என்று சண்டையிட்டவர்களை நான் அறிவேன். அடிக்கடி மெருகு ஏற்றுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு மெருகிலும் சிறிதளவு பொன் தேய்ந்துபோகிறது, பழைய வேலைப்பாட்டின் கூர்மையும் மழுங்குகிறது. முத்திரையில்லாத நகை இனிச் செல்லாது என்ற பேச்சையும் நம்பவேண்டாம். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாய் வந்த கட்டாய ஹால்மார்க் விதி, விற்பனை செய்கிற நகைக்கடைக்காரர்களுக்குரியது. வீட்டிலுள்ள பழைய நகையை வைத்திருக்கவும் விற்கவும் தடையில்லை.

ஈசாக்குக்குப் பெண் கொள்ளப்போன ஊழியக்காரன் ரெபெக்காளுக்குக் கொடுத்த காதணியின் எடையையும் கடகங்களின் எடையையும் ஆதியாகமம் 24-ஆம் அதிகாரம் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. நம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு நகையையும் இருபுறமும் படமெடுத்து, எடையையும் அது யாருடையது என்பதையும் எழுதுங்கள். வங்கி லாக்கரில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் வருடாந்தர வாடகையைப்போல் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாயானால் 3 லட்சம். உள்ளே 20 பவுன் இருந்தாலும் அவ்வளவே. உள்ளே என்ன இருந்தது என்பதும் வங்கிக்குத் தெரியாது. நியமனதாரர் பெயரையும் பதிவுசெய்திருக்கிறீர்களா என்று இந்த மாதமே விசாரியுங்கள்.

எங்கள் அட்டிகை இப்பொழுது என் மகளிடத்தில் இருக்கிறது. ஏழு கற்களுக்குத் தகடு மாற்றியாயிற்று. நடுவிலுள்ள பெரிய கல் மாத்திரம் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. அதன் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் உண்டு: மொத்த எடை, பாட்டியாரின் பெயர், கீழே என் கையெழுத்தில், "தண்ணீர் படக்கூடாது."