எமது வானத்தை அளந்த விமானம்

2022 டிசம்பரில் மாண்டோஸ் புயலின்போது யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை புகைமூட்டம் கவிந்தது. 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. மாசு இந்தியப் பக்கமிருந்து வந்ததாக தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. காற்று கெட்டிருக்கிறது என்பதைத் தரையிலுள்ள கருவி காட்டும். அந்த மாசு மேலே எவ்வளவு உயரத்தில் பரவுகிறது, வழியில் என்னவாக மாறுகிறது என்பதை அறிய, கருவியோடு மேலே போகவேண்டும்.

ஜேர்மன் விண்வெளி மையம் இயக்கும் 'ஹேலோ' அதற்கான விமானம். அடிப்படையில் அது கம்பனி முதலாளிகள் பறக்கும் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ரகம். உள்ளே சொகுசு ஆசனங்களுக்குப் பதிலாகக் கருவி அடுக்குகள். கூரையிலும் அடிப்பகுதியிலும் உணர்கருவிகளுக்கான சாளரங்கள், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குழாய்கள், வயிற்றுக்கடியில் கழற்றி மாட்டக்கூடிய கருவிப் பெட்டி. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும். இது 15 கிலோமீற்றருக்கு ஏறும். ஒரே மூச்சில் 8,000 கிலோமீற்றர் போகும். பருவமழை மேகங்கள் மாசைத் தூக்கிச் செல்லும் உயரமும் ஏறக்குறைய அதுதான்.

2015 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஹேலோ சைப்பிரஸிலிருந்தும் மாலைதீவின் கான் தீவிலிருந்தும் பறந்தது. முடிவுகள் 2018 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாகின. தென்மேற்குப் பருவமழை தெற்காசியாவின் மாசை மேலே இறைக்கும் பம்பியாகவும், அதில் பெரும்பகுதியைக் கழுவும் இயந்திரமாகவும் இயங்குகிறது. மின்னல் உண்டாக்கும் நைதரசன் ஒக்சைட்டுகள், மாசைச் சிதைக்கும் ஐதரொட்சில் மூலிகங்களைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கின்றன. தப்பிய மிச்சம் உலகெங்கும் பரவுகிறது.

எங்களைத் தொட்டது வேறு பருவம். வறண்ட வடகீழ்ப் பருவத்தில் கழுவ மழை போதாது. அந்தப் பருவத்தின் மாசை 1999 இல் இண்டோஎக்ஸ் ஆய்வு அளந்தது. அதிலும் மாலைதீவிலிருந்து ஒரு நெதர்லாந்து செஸ்னா சைற்றேஷன் பறந்தது. அதுவும் மாற்றியமைத்த சிறு வணிக ஜெற்தான். அதன் தொடர்ச்சியாக 2002 இல் ஐ.நா. சுற்றாடல் திட்டம் 'ஆசிய பழுப்பு முகில்' அறிக்கையை வெளியிட்டபோது இந்தியாவில் கடும் ஆட்சேபம் எழுந்தது. பின்னர் பெயரிலிருந்த 'ஆசிய' போய் 'வளிமண்டல' வந்தது. அளப்பவர் வெளியாராக இருந்தால், அளவைவிட அவருடைய நோக்கமே விவாதமாகிவிடுகிறது. அந்தச் சந்தேகம் முற்றிலும் நியாயமற்றது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைச் சாட்டாக வைத்து மாசை மறைக்கவும் முடிகிறது.

இலங்கை ஜெற் வாங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மருந்து வாங்கவே தடுமாறிய நாடு இது. எல்லை தாண்டும் மாசு பற்றிய 1998ஆம் ஆண்டின் மாலே பிரகடனத்தில் இலங்கையும் ஒரு தரப்பு. கான் தீவுக்கு அடுத்த ஆய்வு விமானம் வரும்போது, அதே வாரங்களில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தரை அளவீடுகள் நடக்கவேண்டும். எமது பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவராவது அந்த விமானத்தில் இருக்கவேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, முன்கூட்டியே எழுதப்படும் ஒரு கடிதம் போதும். அதைச் சுற்றாடல் அமைச்சு எழுதவேண்டும்.