விளக்கோடு ஒரு திருப்புளியும்

2020 மே 20 அன்று வீசிய அம்ஃபான் புயலைக் கொல்கத்தாவில் வாழும் நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் தெருவில் மரங்கள் சாய்ந்து, ஐந்து நாள் மின்சாரம் இல்லை. எதிர் வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் இருந்தும் அங்கேயும் இருட்டுதான். பாட்டரி இல்லாமல் நகர மின்சாரத்தோடு இணைத்த அமைப்பு அது. லைன் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே என்று செய்த ஏற்பாடு.

நவம்பரில் லோக்கல் ரயில் ஓடத் தொடங்கியதும், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் சுந்தரவனத்துக் கோசாபாவிலிருந்து திரும்பி வந்தாள். "எங்க வீட்டில் நாலாம் நாளே விளக்கு எரிந்தது, மாசிமா" என்றாள். எனக்கு வியப்பு. புயலுக்கு முன்பே அவள் கணவர் கூரையிலிருந்த தகட்டையும் பாட்டரியையும் கழற்றிப் பள்ளிக்கூட மாடியில் பத்திரப்படுத்தினாராம். உப்புத் தண்ணீர் வடிந்ததும் ஒரு மூங்கிலில் கட்டி இணைத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் மொபைல்களுக்கும் அங்கேதான் சார்ஜ்.

அந்தப் பகுதிக்கு இது புதிதல்ல. சாகர் தீவின் கமல்பூரில் 1996-லேயே சூரிய மின்நிலையம் வந்துவிட்டது.

புயலுக்குப் பின் நாமும் அரிசி, தார்ப்பாய், சோலார் விளக்கு என்று அனுப்பினோம். அரிசி பசியாற்றியது. விளக்குகள் என்னவாயின என்று ஒரு வருடம் கழித்து அவளிடம் கேட்டேன். பாதிக்கு மேல் ஆணியில் தொங்குகின்றனவாம். பாட்டரி போய்விட்டது, மாற்றத் தெரிந்தவர் இல்லை. யானை வாங்கியவர்கள் அங்குசத்தை மறந்துவிட்டோம்.

என் கருத்து இதுதான். அடுத்த முறை வீட்டுக்கொரு விளக்கு கொடுப்பதோடு நின்றுவிடாமல், ஊர் கூடித் தங்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தகடும் பாட்டரியும் வைத்துக் கொடுப்போம். லைன் இல்லாதபோதும் இயங்கும் இன்வெர்ட்டர்தானா என்று கேட்டு வாங்குவோம். அவ்வூர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்து, கருவிப்பெட்டியும் தருவோம். சில வருடங்களில் பாட்டரி மாற்ற வேண்டிவரும். அதற்கும் இப்போதே ஒரு தொகையை ஒதுக்குவோம்.

பெயர்ப்பலகையோடு படம் எடுக்க நூறு விளக்குகள் அழகாகத்தான் இருக்கும். இருந்தாலும், மழைக்காலம் வருமுன் செயற்குழு இதை யோசிக்குமா?