ஆயுள் சேமிப்பைக் கையாளுகிறவருக்கு ஒரு பரீட்சைகூட வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க. திட்டுவதாக இருந்தாலும் இங்கேயே திட்டுங்க, வாட்ஸ்அப்பில் தனியாக வேண்டாம்.

என்னிடம் படித்தவர்களில் நிறையப் பேர் இப்போது ரியல் எஸ்டேட் தொழிலில் இருக்கிறீர்கள். சூலூர், அன்னூர், பல்லடம், பொள்ளாச்சி ரோடு என்று எங்கே போனாலும் "டீச்சர், நம்மகிட்ட நல்ல சைட் இருக்குதுங்க" என்று ஒருத்தராவது சொல்லிவிடுகிறீர்கள். நன்றாக இருங்கள். ஆனால் நீங்கள் தரும் விசிட்டிங் கார்டில் "சர்டிஃபைட் ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட்" என்று போட்டிருக்கிறதே, யார் கண்ணு சர்டிஃபை பண்ணினது? ஒரு பையனிடம் கேட்டேன். ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்களாம். என்ன பாடம் என்றேன். "கஸ்டமரை எப்படிப் பேசி முடிக்கிறதுன்னு டீச்சர்" என்றான். பரீட்சை? இல்லை. பணம் கட்டினால் பட்டம். அந்தப் பட்டத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் இருபது வருஷச் சேமிப்பை எடுத்து வருகிறது.

ஆசிரியர் வேலையை யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு 'அ' எழுதச் சொல்லித்தரவே நாங்கள் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து டிப்ளமோ வாங்கினோம். வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. சனிக்கிழமை வந்தால் குறுவள மையத்தில் பயிற்சி. இப்போது 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இருபது வருஷம் பாடம் நடத்திய என் தங்கை வயதுப் பெண்கள் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார்கள். அது நியாயமா என்று தனியாகப் பேசலாம். ஐம்பது லட்ச ரூபாய் கைமாறுகிற இடத்தில் நிற்பவருக்கு ஒரு மணி நேரப் பரீட்சைகூட இல்லை என்பதுதான் என் கேள்வி.

"நாங்க ரெரா பதிவு வெச்சிருக்கோம் டீச்சர்" என்பீர்கள். நல்லது. 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பதிவு பெற்ற திட்டத்தில் மனை விற்றுத் தரும் ஏஜென்ட்டும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். 10-ஆம் பிரிவு, பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது, பொய் வாக்குறுதி தரக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும் என்கிறது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டத்தில் எந்த இடத்திலும் "உனக்கு என்ன தெரியும்?" என்ற கேள்வி கிடையாது. அது பெயர்ப் பதிவு, தேர்ச்சி அல்ல. பள்ளிக்கூட அட்மிஷன் ரெஜிஸ்டரில் பெயர் ஏறினாலே பத்தாம் வகுப்பு பாஸ் ஆகிவிடுமா?

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. இந்தப் பதிவு, ரெராவில் பதிவான திட்டங்களை விற்பவருக்குத்தான். நம்ம ஊரில் பாதி வியாபாரம் தோட்டமும் காடும் பழைய சைட்டும்தான். "அஞ்சு ஏக்கரா பூமி, கிணறு, போர், கரன்ட் இருக்குது" என்று பேசி முடிக்கும் புரோக்கரை அந்தச் சட்டம் தொடவே இல்லை.

இதனால் என்ன நஷ்டம்? எங்கள் சொந்தத்தில் ஒருவர் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சை நம்பி 5 சென்ட் வாங்கினார். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேண்டும், பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியபோதுதான் தெரிந்தது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி, அலைந்து, அதுவரை வீட்டுக் கடனும் இல்லை, கட்ட அனுமதியும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் மண்ணிலேயே கிடந்தது. அந்தப் புரோக்கர் மோசக்காரர் இல்லைங்க. நல்ல மனுஷன். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மோசடியைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது, அறியாமையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

நம்ம பக்கத்துப் புரோக்கர் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் எத்தனை! தொண்டாமுத்தூர், ஆனைகட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் பல கிராமங்களில் மனை பிரிக்க 'ஹாகா' அனுமதியும் வேண்டும். கோயில் இனாம் பூமியா, பஞ்சமி நிலமா என்று பார்க்க அ-பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும், குடும்பத்துக்குள் இருக்கும் பங்குப் பிரச்சினை வராது. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சுங்க, கையெழுத்து வேண்டியதில்லை" என்று எத்தனை கிரயம் நடக்கிறது! தமிழ்நாட்டில் 1989-க்குப் பின் மணமான பெண்களுக்கும், 2005-லிருந்து நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு. அது தெரியாத புரோக்கர், வாங்குகிறவர் கையில் ஒரு கோர்ட் வழக்கைக் கொடுத்து அனுப்புகிறார்.

"அதெல்லாம் வக்கீல் பார்த்துக்குவார்" என்பீர்கள். வக்கீலிடம் போவதற்கு முன்பே அட்வான்ஸ் கொடுக்க வைப்பது யார்? "அனுபவம் போதும்" என்பீர்கள். தப்பான வாய்ப்பாட்டை முப்பது வருஷம் சொன்னாலும் அது சரியாகாது. "பரீட்சை வைத்தால் படிக்காத ஏழைப் பையன் பிழைப்பு போய்விடும்" என்பது மட்டும்தான் மதிக்க வேண்டிய வாதம். அதற்குப் பதில், பரீட்சையைத் தமிழில் வையுங்கள், கட்டணத்தைக் குறைவாக வையுங்கள் என்பதுதான். லாரி ஓட்டுகிறவரும் லைசென்ஸ் எடுத்துத்தானே ஓட்டுகிறார்!

முடியாத காரியமும் இல்லை. மகாராஷ்டிராவின் ரெரா ஆணையம் 2023-இல் 20 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் ஏஜென்ட் என்று உத்தரவிட்டது. பழைய ஏஜென்ட்டுகளுக்கும் விலக்கில்லை. சிங்கப்பூரில் இருக்கிற நம்ம பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே பாடம் முடித்து, தேர்வு எழுதி, அதன்பின் வருஷாவருஷம் தொடர்கல்வியும் முடிக்க வேண்டும். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும்போது ஒரு தடவை படித்தது எத்தனை நாளைக்கு?

தமிழ்நாட்டு அரசிடம் நான் கேட்பது மூன்று. தமிழில் 20 மணி நேரப் பாடமும் தேர்வும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கும்போது புதிய சட்டங்கள் பற்றிய பயிற்சி. தோட்டம், காடு, பழைய வீடு விற்றுத் தருபவரும் இதற்குள் வர வேண்டும். அப்புறம் கார்டில் என்ன பட்டம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மாமா, அத்தை, மாப்பிள்ளை என்று உறவு பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பதிவு எண்ணைக் கேளுங்க. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம், ஒப்புதல் வரைபடம் நாலும் கையில் வராமல் ஒரு ரூபாய் எடுக்காதீங்க.

தொழிலில் இருக்கும் மாணவர்களுக்கு: அரசு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம்ம பழைய மாணவர்களிலேயே சர்வேயர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பத்திர எழுத்தர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், பத்து வாரம். மொத்தம் 20 மணி நேரம். வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்க. கடைசி வாரம் பரீட்சை உண்டு, திருத்துவது நான்தான். மார்க் போடுவதில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.