நீலகிரியின் ஈமக்குவைகள்

ஏட்டில் எழுதாத மாந்தரும் தம் வாழ்வின் அடையாளத்தை மண்ணில் வைத்துச் சென்றனர். நீலகிரியின் முகடுகளிற் காணும் கல்வட்டங்களும் ஈமக்குவைகளும் அத்தகையன. ஈமத்தாழியைப் புறநானூற்றிற் கற்கும் நம்மனோர், இம்மலைமீதுள்ள குவைகளை ஏறெடுத்தும் பாரார்.

இம்மாவட்டத்தின் முதற் கமிஷனராகிய பிரீக்ஸ் துரை இவற்றுட் பலவற்றை அகழ்ந்தார். அவர் நூல், அவர் மறைந்தபின், 1873-இல் வெளிவந்தது. எருமை, யானை முதலிய உருவங்கள் அமைந்த மட்கல மூடிகளும், வெண்கலக் கிண்ணங்களும், இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. அவை இன்று சென்னையிலும் இலண்டனிலும் காட்சிப்பொருள்களாய் உள்ளன. ஆயின் எக்கலம் எவ்வாழத்தில் எதனருகே கிடந்தது என்னும் செய்தியே காலத்தை அறிவிப்பது. ஒருமுறை தோண்டிய குவையை மறுமுறை ஆராய்தல் அரிது. ஆதலின் அகழாது எஞ்சியவற்றைக் காத்தலே முதற்கடமை.

'உயிரோடிருப்பார்க்கு நிலமில்லாதபோது இறந்தார்க்கு நிலம் எதற்கு?' என்பார் உளர். தேயிலைத் தோட்டத்திற் கூலிக்குழைப்பாரை எண்ணின், அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் கல்வட்டம் ஒன்று கொள்ளும் இடம் மிகச் சிறிதே. கல்லுக்காகவும் புதையலுக்காகவும் அதனைக் குலைத்தலால் எவ்வேழைக்கும் ஓரடி மனையும் கிடைப்பதில்லை.

1958, 1966-ஆம் ஆண்டுச் சட்டங்கள் காப்புக்கு வழி வகுத்துள்ளன. எனினும் அவை காப்பது முறையாக அறிவிக்கப்பெற்ற சின்னங்களையே. ஆகவே ஊர்தோறும் குவைகளை எண்ணி, நில அளவை எண்ணுடன் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். இவற்றை ஆக்கியோர் யாவர் என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. ஆதலின் தோடர், கோத்தர், குறும்பர், படுகர் முதலியோருள் முதியோரை உசாவாது எல்லை குறித்தலும் முறையன்று. கோடை விடுமுறையில் இப்பணிக்கு மாணவர் முன்வருவாராக.